கடன் அடைந்த பிறகும் வெளியே வராதவர்கள்

சேலம் குகைப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சாரம் இது. அவருடைய அண்ணன் சொந்தமாக விசைத்தறி ஓட்டியவர். நூல் விலையும் வட்டியும் சேர்ந்து நெருக்கியதில், கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பியது. கடன் கொடுத்தவர் வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கும்படி சத்தம் போட்டுவிட்டுப் போனார். பிறகு தறிகளை விற்றுக் கடன் முழுவதையும் அடைத்தாயிற்று. ஆனால் அன்றிலிருந்து அண்ணன் கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் வருவதில்லை. வேறொருவர் தறிப்பட்டறையில் இரவு ஷிப்டாகக் கேட்டு வாங்கி வேலை பார்க்கிறார். அலங்கரித்த வண்டிகளில் தெய்வ வேஷம் போட்டு ஊர்வலம் வருகிற ஆடி மாத வண்டி வேடிக்கையில் வேஷம் கட்டியவர், இப்போது அந்த நாளில் கதவைச் சாத்திக்கொள்கிறார். பங்காளி வீட்டு விசேஷத்தில் தன்னைப் பற்றி ஏதோ பேசினார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த வாசலை இனி மிதிப்பதில்லை என்று சபதமும் போட்டிருக்கிறார். “அவரை யாரும் பூட்டி வைக்கவில்லை. தானே சிறை கட்டி உள்ளே உட்கார்ந்திருக்கிறார். புத்தி சொல்லாத ஆளில்லை. ஏன் வெளியே வர மாட்டேன் என்கிறார்?” என்பது கேள்வி.

என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பதில் அவருக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் அவரை உள்ளே வைத்திருக்கிறது. நடந்த அவமானம் இந்த நிலையைத் தொடங்கி வைத்தது என்பது உண்மை. ஆனால் கடன் அடைந்து இத்தனை காலம் ஆன பிறகும் அது நீடிப்பதற்குக் காரணம், அவமானத்துக்குப் பின் அவர் அன்றாடம் செய்கிற சிறு சிறு தவிர்ப்புகள். இதைப் புரிந்துகொண்டால், புத்திமதி ஏன் பலிக்கவில்லை என்பதும் புரியும்.

ஒரு முகூர்த்த நாளை அருகில் சென்று பார்ப்போம். பத்திரிகை வந்த அன்றே அவருக்கு மனத்தில் ஒரு கனம் ஏறிவிடும். விசேஷத்தன்று மாலை சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வைப்பார், குளித்துவிட்டும் வருவார். மண்டப வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு நிற்கிற உறவினர் முகம் கண்முன் வந்தவுடன் நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும். “எனக்குத் தலை வலிக்குது, நீயே போய் மொய் எழுதிட்டு வந்துரு” என்று மனைவியிடம் சொல்வார். மனைவி படியிறங்கித் தெருமுனை திரும்புவதற்குள் படபடப்பு அடங்கிவிடும். போகாமல் இருந்தேன், பிழைத்தேன் என்று எந்த வாக்கியமும் அவர் மனத்தில் ஓடுவதில்லை. ஆனால் உடம்பு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. அடுத்த பத்திரிகை வரும்போது படபடப்பு இன்னும் சீக்கிரம் வருகிறது, சாக்கும் இன்னும் சீக்கிரம் கிடைக்கிறது. பயம் முதலில் ஒட்டிக்கொள்வது ஒரு வழியில், பிறகு தவிர்ப்பதால் கிடைக்கிற நிம்மதியால் நிலைத்துப்போவது இன்னொரு வழியில் என்று இந்த இரண்டு படிகளையும் அமெரிக்க உளவியலாளர் ஹோபார்ட் மௌரர் 1947இல் பிரித்துக் காட்டினார். அண்ணனுக்குக் கிடைக்கும் நிம்மதி கந்துவட்டிப் பணம் மாதிரி. கேட்ட நேரத்தில் கைக்கு வரும், திருப்பிக் கட்டும்போதுதான் எவ்வளவு பிடித்தார்கள் என்று தெரியும். இங்கே வட்டியாகப் போனது அவருடைய உறவுகளும் பகல் பொழுதும்.

கடன் தீர்ந்த செய்தி அவர் உடம்புக்கு மட்டும் எட்டாமல் போனது எப்படி என்பதற்கு ஒரு பழைய பரிசோதனை விடை தருகிறது. உளவியலாளர் ரிச்சர்ட் சாலமனும் அவருடைய சகாக்களும் 1953இல் வெளியிட்டது. தாழ்வான தடுப்பால் இரண்டாகப் பிரிக்கப்பட்ட ஒரு பெட்டி. அதன் ஒரு பக்கத்தில் நிற்கும் நாய்க்கு முதலில் ஓர் அறிகுறி காட்டப்படும், சில நொடிகளில் தரையில் மின்சாரம் பாயும். தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம். நாய்கள் விரைவில் அறிகுறியைக் கண்டவுடனேயே தாண்டக் கற்றுக்கொண்டன. பிறகு மின்சாரத்தை ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். அப்படியும் நாய்கள் நூற்றுக்கணக்கான முறை தாண்டிக்கொண்டே இருந்தன. ஒரு தடவையாவது தாண்டாமல் நின்றிருந்தால் தரை வெறும் தரைதான் என்று தெரிந்திருக்கும், ஆனால் நிற்பதற்குத்தான் அவை இடமே கொடுக்கவில்லை. உங்கள் அண்ணன் நிலைமை ஏறக்குறைய இதுதான். மண்டபத்துக்குள் போனால் யாராவது கடனைப் பற்றிக் கேட்பார்கள் என்று அவர் நம்புகிறார். போவதே இல்லை என்பதால் அந்த நம்பிக்கை பொய்த்துப்போகிற வாய்ப்பும் வருவதில்லை.

அதே சாலமனின் ஆய்வுக்கூடத்தில் பின்னாளில் மாணவர்களாக இருந்த மார்ட்டின் செலிக்மேனும் ஸ்டீவன் மேயரும் 1967இல் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டார்கள். எந்த முயற்சியாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியை முன்பே அனுபவித்த நாய்களில் பெரும்பாலானவை, தப்பிக்க வழியுள்ள பெட்டியில் விட்ட பிறகும் தடுப்பைத் தாண்டாமல் படுத்துக் கிடந்தன. இந்த ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதன் தொடர்ச்சியை அதிகம் பேர் சொல்வதில்லை. 1968இல் அந்த நாய்களை மீட்க முயன்றபோது, அழைத்துப் பார்த்தும் உணவைக் காட்டியும் பயனில்லை. கழுத்துக் கயிற்றைப் பிடித்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் பல முறை இழுத்துக்கொண்டு போன பிறகே அவை தாமாகத் தாண்டத் தொடங்கின. 2016இல் செலிக்மேனும் மேயரும் தங்கள் பழைய விளக்கத்தையே மாற்றி எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது மூளையின் இயல்பான முதல் எதிர்வினை, அதைக் கற்க வேண்டியதில்லை, கற்க வேண்டியது ‘என் செயலால் ஏதாவது மாறும்’ என்பதைத்தான் என்றார்கள். இன்றைக்கு அத்தகைய சோதனைகளை யாரும் நியாயப்படுத்த மாட்டார்கள். மனிதரைக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. ஆனால் செயல் முதலில், நம்பிக்கை அதற்குப் பின்னால் என்கிற வரிசையை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நம் வீடுகளில் எப்போதும் தலைகீழாகத்தான் எதிர்பார்க்கிறோம். மனம் தெளியட்டும், பிறகு வெளியே வரட்டும் என்கிறோம்.

புத்திமதி பலிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அண்ணன் யோசிக்காமல் இருப்பவர் அல்லர், யோசித்துக்கொண்டே இருப்பவர். இரவு முழுதும் தறிச் சத்தத்துக்கு நடுவில் பேச்சுத்துணை இல்லாமல் நிற்கிற மனிதருக்கு, அந்த வாசல் காட்சியை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பதற்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும். அன்றைக்கு நான் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும், அந்தக் காசோலையைக் கொடுத்தே இருக்கக் கூடாது என்று மனம் ஒரே இடத்தில் சுற்றும். ஏதோ தீர்வு தேடுகிறோம் என்ற எண்ணத்தை அது கொடுக்கும், ஆனால் ஒரு முடிவுக்கும் வராது. சூசன் நோலன்-ஹோக்செமா என்கிற உளவியலாளர் இந்த அசைபோடும் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் நிலநடுக்கம் வந்தபோது, அதற்குச் சில நாட்கள் முன்புதான் அவர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் மனநிலை பற்றியும் இந்தப் பழக்கம் பற்றியும் கேட்டுப் பதிந்து வைத்திருந்தார். முன்பே அசைபோடும் பழக்கம் உள்ளவர்களாகத் தெரிந்தவர்கள், நிலநடுக்கத்துக்குப் பல வாரங்கள் கழித்தும் மற்றவர்களைவிட மனச்சோர்வோடு இருந்தார்கள். ஆகவே, “உட்கார்ந்து நன்றாக யோசித்துப் பார்” என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். “நல்லதையே நினை” என்பதும் அதே அளவுக்குப் பயனற்றது.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிற பயத்தைப் பற்றிச் சிறிது. உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், போட்டுக்கொள்ளக் கூச்சமான படம் அச்சிட்ட பனியனை ஒரு மாணவருக்கு அணிவித்து, பலர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர் நினைத்தார், உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். இந்த ஆய்வைச் சொன்னால், “சேலத்துக் கல்யாண மண்டபத்தை அவர்கள் பார்த்ததில்லை” என்று நீங்கள் சிரிக்கலாம். நியாயம்தான். நம் ஊரில் கவனிக்கத்தான் செய்வார்கள், பந்தியில் உட்கார்ந்து பேசவும் செய்வார்கள். ஆனால் சாம்பார் வருவதற்குள் பேச்சு வேறொருவர் வீட்டுக்குத் தாவிவிடும். தன்னைப் பற்றிப் பேச மாட்டார்கள் என்று அண்ணனுக்கு உறுதி கொடுக்காதீர்கள், அது பொய்யாகலாம். பேசினாலும் அது எத்தனை நிமிடம் நீடிக்கும் என்பதை அவரே போய்ப் பார்க்கும்படி செய்வதுதான் வழி.

இனி அந்தச் சபதம். கூச்சத்தைவிட இது கடினமானது என்பது என் கருத்து, ஏனென்றால் கூச்சத்தில் யாருக்கும் பெருமை இல்லை, சபதத்தில் பெருமை இருக்கிறது. எல்லாவற்றையும் இழந்த ஒரு மனிதருக்கு, “சொன்னா சொன்னதுதான், அந்தப் படியை மிதிக்க மாட்டார்” என்று சொந்தபந்தம் பேசுவது, மிச்சமிருக்கிற ஒரே மரியாதையாகத் தோன்றும். ஒரு வேளை நீங்களும் அப்படிப் பெருமையாகச் சொல்லியிருப்பீர்கள். நாளாக ஆக, பங்காளி என்ன சொன்னார் என்பது மங்கிவிடும், சபதம் மட்டும் தனியாக நிற்கும். பல வீடுகளில் விசாரித்துப் பார்த்தால், எதிர்த் தரப்புக்கு அந்த வார்த்தையே நினைவில் இருக்காது. இவருடைய வைராக்கியத்தால் அவர்கள் இழந்தது ஏதுமில்லை. இவருடைய பிள்ளைகள்தான் பெரியப்பன் மக்களோடு பேசாமல் வளர்கிறார்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு, “மன்னித்துவிடு” என்று கேட்பது. மன்னிப்பது மனத்துக்குள் நடக்க வேண்டிய வேலை, அதைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. வாசலை மிதிப்பது கால் செய்யும் வேலை. இரண்டையும் பிரித்துவிடுங்கள். கோபம் இருக்கட்டும், போக்குவரத்து மட்டும் இருக்கட்டும் என்பது நம் ஊர்களில் புதிய ஏற்பாடு அல்ல. சாவு வீட்டுக்குப் பகை பார்க்காமல் போகிறோம், குலதெய்வம் கோயிலில் பேசாதவர்களும் ஒரே வரிசையில் நின்று பொங்கல் வைக்கிறோம். சபதம் போட்டவர் முகம் கோணாமல் இறங்கி வருவதற்கு நம் முன்னோர் விட்டுவைத்த படிகள் இவை. பங்காளி வீட்டில் மூத்தவர் யாராவது நேரில் வந்து, நடந்ததைக் கிளறாமல், “வீட்டுக்கு வாப்பா” என்று ஒரு வார்த்தை அழைக்க முடியுமென்றால் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். தான் தோற்றதாக அவர் நினைக்கத் தேவையில்லாத ஒரு வழி அவருக்கு வேண்டும்.

அவமானமோ பகையோ இல்லாமலும் இதே மாதிரி முடங்கிப்போகிறவர்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்காடு மலைப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பலரிடம் கண்டதை ஒருவர் மேல் ஏற்றிச் சொல்கிறேன், இது எந்தத் தனி மனிதரையும் குறிக்காது. காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் ஒருவர், கூட்டமான பேருந்தில் நின்றபடி ஏறும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் திடீரென்று மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, இதோ மாரடைப்பு என்று நினைத்துவிட்டார். மருத்துவர் இதயத்தில் ஒன்றுமில்லை என்றார். ஆனாலும் அடுத்த முறை சன்னலோர இருக்கை கிடைத்தால்தான் ஏறினார், பிறகு துணையோடு மட்டும் ஏறினார், பிறகு சேலத்துக்கு இறங்குவதையே விட்டார், கடைசியில் தோட்டக் குடியிருப்பைத் தாண்டிப் போவதே அவருக்கு முடியாத காரியமாகிவிட்டது. உடம்பில் தோன்றும் சாதாரண மாற்றத்தை உயிராபத்து என்று தவறாகப் படிப்பதுதான் இத்தகைய திடீர்ப் பீதியின் கரு என்று உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கினார். சன்னலோரம், துணை, சட்டைப் பையில் மாத்திரை போன்ற காப்புகள் பீதியைத் தணிப்பதாகத் தோன்றினாலும், ‘இவை இருந்ததால்தான் பிழைத்தேன்’ என்று நினைக்க வைத்து அதை வாழ வைக்கின்றன.

அவருக்கு உதவியது அந்த மலையேதான். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. படிப்படியாக எதிர்கொள்ளும் சிகிச்சைக்கு இதைவிட வசதியான ஏணி கிடைப்பது அரிது. முதலில் உறவினர் ஒருவரின் காரில் மேலிருந்து இரண்டு வளைவு மட்டும் இறங்கி, ஓரமாக நிறுத்தி, படபடப்போடு அங்கேயே உட்கார்ந்திருந்து திரும்புவது. பிறகு ஐந்து, பிறகு பத்து. அதன் பிறகு பேருந்தில், பிறகு துணையில்லாமல். மிஷெல் கிராஸ்கே முதலான ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில் வலியுறுத்தும் ஒரு செய்தி இங்கே பயன்படும். ஒவ்வொரு முறையும் படபடப்பு குறைந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ‘மயங்கி விழுவேன்’ என்று எதிர்பார்த்துப் போய், விழவில்லை என்று கண்டு வருவதுதான் பாடம். பழைய பயம் முற்றாக அழிவதில்லை, அதற்கு மேல் புதிய பாடம் எழுதப்படுகிறது. ஆகையால் நடுவில் ஒரு நாள் பயம் திரும்பி வந்தால், எல்லாம் வீணாயிற்று என்று நினைக்கத் தேவையில்லை.

‘அப்பாவை இன்னும் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம்’ என்பது போன்ற குற்ற உணர்ச்சியும் இதே வகையைச் சேர்ந்ததுதான். தன்னைத் தண்டித்துக்கொண்டிருக்கும்வரை தான் நல்ல பிள்ளை என்கிற நிம்மதி அதில் கிடைக்கிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

‘தானே கட்டிக்கொண்ட சிறை’ என்கிற சொற்களில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. எல்லாவற்றையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. அடிக்கிற கணவனோடு வாழும் பெண்ணைப் பார்த்து, சாதியின் பெயரால் ஒதுக்கப்படுபவரைப் பார்த்து, உன் மனத்தில்தான் சிறை இருக்கிறது என்பது கொடுமை. கடன்காரர் இன்னும் வந்து மிரட்டிக்கொண்டிருந்தால், அதற்கு வேண்டியது மனப் பயிற்சி அல்ல, காவல் நிலையத்தில் புகார். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. அதேபோல, இரண்டு வாரங்களுக்கு மேலாக நாளின் பெரும்பகுதியும் சோர்வு, எதிலும் விருப்பமின்மை, தூக்கமோ பசியோ கெட்டுப்போதல், தன்னைப் பயனற்றவர் என்று நினைத்தல், சாவைப் பற்றிய பேச்சு இவையெல்லாம் சேர்ந்து தெரிந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இரவு ஷிப்ட் தூக்கத்தைக் கெடுத்து அதை இன்னும் கூட்டும். அப்படியென்றால் முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சப்பட்டால், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. சாவைப் பற்றி அவர் ஒரு முறை பேசியிருந்தாலும் நாள் பார்க்காமல் அன்றே இதைச் செய்யுங்கள்.

நோய் இல்லை என்றால், அடுத்தது உங்கள் வீட்டாரின் பங்கு. இதைக் கேட்க உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். அண்ணன் வராத ஒவ்வொரு விசேஷத்திலும், “அவருக்கு உடம்பு சரியில்லை” என்று யாரோ சொல்லியிருப்பீர்கள். மொய்யை அண்ணி எழுதியிருப்பார், மளிகையைப் பிள்ளை வாங்கி வந்திருக்கும். அத்தனையும் அன்பினால் செய்தவை. ஆனால் அவர் தவிர்ப்பதற்கு ஆகிற செலவை நீங்கள் அனைவரும் சேர்ந்து ஏற்றுக்கொண்டால், தவிர்ப்பது அவருக்குச் சுலபமாகிவிடுகிறது. இதை ஒரே நாளில் நிறுத்தினால் அவர் கைவிடப்பட்டதாக நினைப்பார். முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக விலக்கிக்கொள்ளுங்கள். முதலில் பொய்யை விடுங்கள். யாராவது கேட்டால், “அண்ணன் இன்னும் வர ஆரம்பிக்கலை, வருவார்” என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

பிறகு அடுத்த முகூர்த்தத்தைத் தேர்ந்தெடுங்கள். மாலை வரவேற்பு வேண்டாம், அதில் கூட்டமும் அதிகம், விசாரிப்புகளும் அதிகம். விடியற்காலை முகூர்த்தம் நல்லது. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு அந்த நேரம் பழக்கமானதும்கூட. போவதற்கு முன், என்ன நடக்கும் என்று அவர் பயப்படுகிறாரோ அதை ஒரு தாளில் ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். ‘மூன்று பேராவது கடனைப் பற்றிக் கேட்பார்கள்’ என்று எழுதினால் நல்லது, எண்ணிப் பார்க்கலாம். மொய்யை அவர் கையாலேயே எழுதட்டும், முதல் பந்தியில் உட்காரட்டும், படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது மட்டும் எழுந்து வந்துவிட வேண்டாம். யாராவது கேட்டே விட்டால் என்ன சொல்வது என்று முந்தின நாளே பேசி வையுங்கள். “தறியை வித்து அடைச்சுட்டேங்க, இப்ப வேலைக்குப் போறேன்” என்பது போதும், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் தாளை எடுத்து, எத்தனை பேர் கேட்டார்கள் என்று அவரே பக்கத்தில் எழுதட்டும். மூன்று பேரும் கேட்டுவிட்டார்கள் என்றாலும் பரவாயில்லை, கேட்ட பிறகு என்ன ஆனது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பங்காளி வீட்டுப் பேச்சை இப்படி நாலைந்து விசேஷங்கள் முடிகிறவரை எடுக்க வேண்டாம்.